பில்லுக்கு ஒரே பாஷை, பணத்துக்கு?

கம்பெனிகளின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேச ஒரு பொதுமொழி வேண்டும் என்ற தேடல் முக்கால் நூற்றாண்டுப் பழசு. இந்தியாவில் ஜி.எஸ்.டி. அதில் பாதியைச் சாதித்துவிட்டது. சிறு உற்பத்தியாளருக்குப் பணம் வாங்கித் தரவேண்டிய மறுபாதி இன்னும் பாக்கி.

ஒரு பெட்டி என்றால் எத்தனை? போல்ட் தயாரிப்பவருக்கு 100. வாங்கும் கம்பெனியின் கம்ப்யூட்டருக்கோ ஒரு பெட்டி என்பது ஒன்றுதான். அனுப்பியது 50 பெட்டி. பில்லில் இருப்பது 5,000 போல்ட். வாங்கியவரின் திரையில் தெரிவது 50. மூன்று கணக்கும் சரிதான். ஆனால் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று பில்லை நிறுத்திவைக்கிறது கம்ப்யூட்டர். யாரோ போன் செய்து, இன்னொருவர் பைலைப் புரட்டி, மூன்றாமவர் கையெழுத்துப் போட்டு விவகாரம் தீர்வதற்குள் மாதம் ஒன்று ஓடிவிடுகிறது.

இது தேதியிலும் நடக்கும். 4/5 என்பது மும்பையில் மே 4, சிகாகோவில் ஏப்ரல் 5. பொருளின் பெயரிலும் நடக்கும். விற்பவர் ஒரு எண்ணைச் சொல்ல, வாங்குபவர் அதே பொருளுக்கு வேறு எண் வைத்திருப்பார். நான்கு பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் தரும் ஒரு சிறு பட்டறை, நான்கு இணையதளங்களில், நான்கு பாஸ்வேர்டுகளோடு, நான்கு விதமான கட்டங்களை நிரப்பியாக வேண்டும். பட்டறையின் கணக்கு மென்பொருளில் ஏற்கனவே இருக்கும் அதே விவரங்களைத்தான் மறுபடி மறுபடி டைப் செய்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு தப்பு நுழைய வழி இருக்கிறது.

இதற்கு மருந்தாகச் சொல்லப்படுவதுதான் வணிக ஆவணங்களுக்கான பொதுத் தரம். யாருடைய கம்ப்யூட்டர் அனுப்பிய ஆர்டரையும் பில்லையும் வேறு யாருடைய கம்ப்யூட்டரும் மனிதர் குறுக்கிடாமல் படித்துப் புரிந்துகொள்ள உதவும் விதிகள். கேட்க எளிது. செய்து முடிப்பதில் பொறியியலைவிட அரசியல்தான் அதிகம்.

பெர்லினில் பிறந்த படிவம்

கதை தொடங்குவது ஒரு முற்றுகையில். 1948 ஜூனில் மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலை, ரயில், நீர்வழிகளை சோவியத் யூனியன் அடைத்தது. லட்சக்கணக்கான மக்களுக்கு உணவும் நிலக்கரியும் விமானத்தில்தான் போயாக வேண்டும். வந்திறங்கிய சரக்குகளின் பட்டியல்களோ வெவ்வேறு வடிவங்களில், வெவ்வேறு மொழிகளில் இருந்தன. அமெரிக்க ராணுவத்தைச் சேர்ந்த எட்வர்ட் கில்பர்ட்டும் அவரது சகாக்களும் ஒரே மாதிரியான சரக்குப் பட்டியலை உருவாக்கினார்கள். டெலக்ஸ், ரேடியோ, தொலைபேசி எதில் வேண்டுமானாலும் அனுப்பலாம். எந்த வரிசையில் எந்த விவரம் வரும் என்பது இரு முனைகளிலும் தெரியும்.

போர்க்கால யோசனை பிறகு வியாபாரத்துக்கு இடம் மாறியது. 1960களில் கில்பர்ட் டூபான்ட் நிறுவனத்தில் இருந்தபோது, சரக்கு விவரங்களை மின்னணு முறையில் பரிமாறும் முயற்சிகள் நடந்தன. 1979ல் அமெரிக்கா எக்ஸ்12 என்ற தரத்துக்கான குழுவை அமைத்தது. 1987ல் ஐ.நா. ஆதரவில் உருவான எடிஃபேக்ட் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. இரண்டிலும் ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு மின்னணு இணை உண்டு. எக்ஸ்12ல் 850 என்றால் பர்ச்சேஸ் ஆர்டர், 810 என்றால் இன்வாய்ஸ். இன்றும் உலகின் பெரிய கடைகளும் கார் கம்பெனிகளும் கப்பல் நிறுவனங்களும் இந்த எண்களில்தான் பேசிக்கொள்கின்றன.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்திருக்க வேண்டுமே? தீரவில்லை. எல்லாத் தொழிலுக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக இந்தத் தரங்களில் ஏராளமான கட்டங்கள் 'விரும்பினால் நிரப்பலாம்' என்று விடப்பட்டன. ஒவ்வொரு பெரிய கம்பெனியும் தனக்கு வேண்டிய கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, தடிமனான கையேடு ஒன்றை அச்சடித்து சப்ளையர்களிடம் கொடுத்தது. பெயரளவில் ஒரே மொழி. நடைமுறையில் வாடிக்கையாளருக்கு ஒரு வட்டார வழக்கு.

செலவையும் சின்னவர்களே சுமந்தார்கள். செய்திகளைக் கொண்டுசேர்க்கும் தனியார் வலையமைப்புகள் அனுப்பும் அளவுக்கேற்பக் கட்டணம் வசூலித்தன. 2002ல் வால்மார்ட், இனி தன்னுடன் இன்டர்நெட் வழியே ஏ.எஸ்.2 என்ற முறையில்தான் பேச வேண்டும் என்று சப்ளையர்களுக்குச் சொன்னது. தனியார் வலையமைப்புகளுக்கான செலவைக் குறைத்த மாற்றம்தான் அது. ஆனால் எப்போது, எப்படி மாறுவது என்று முடிவு செய்தது யார்? வாங்குபவர். பொதுத் தரங்களின் வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் பாடம் இது: யாரிடம் பிடி இருக்கிறதோ அவர் சொல்வதே இலக்கணம்.

வரி பிடித்த கோல்

இந்தியாவில் அந்தப் பிடி அரசிடம் இருந்தது. மின்னணு ஆவணப் பரிமாற்றத்துக்கு முதலில் தயாரானதும் அரசுத் துறைகளில் ஒன்றான சுங்கத் துறைதான். 1995ல் டெல்லியில் அதன் மின்னணு முறை சோதனையாகத் தொடங்கியது. பிறகு மற்ற துறைமுகங்களுக்கும் விமான நிலையங்களுக்கும் பரவியது. 2000ல் வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணத்துக்கும் மின்னணுக் கையெழுத்துக்கும் சட்ட அந்தஸ்து கொடுத்தது.

ஆனால் உள்நாட்டு வியாபாரம் காகிதத்தை விடவில்லை. மாநிலத்துக்கு மாநிலம் வரி வேறு, பதிவு எண் வேறு. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோதுதான் நாட்டின் பதிவு பெற்ற எல்லா வியாபாரிகளுக்கும் ஒரே மாதிரியான அடையாளம் கிடைத்தது. 15 இலக்கங்கள். முதல் இரண்டு மாநிலத்தைச் சொல்லும். அடுத்த பத்து வருமான வரி பான் எண். பில்லில் இருக்கும் பொருளைச் சொல்ல உலக சுங்க அமைப்பின் முறையை ஒட்டிய எச்.எஸ்.என். குறியீடு. யார் விற்றார், யார் வாங்கினார், என்ன பொருள் என்ற மூன்று அடிப்படைச் சொற்களுக்கு நாடு முழுவதும் ஒரே அகராதி.

அதன்மேல் கட்டப்பட்டதே இ-இன்வாய்ஸ். இந்தப் பெயரைக் கேட்டு அரசின் இணையதளத்தில்தான் பில் போட வேண்டும் என்று பலர் நினைத்தார்கள். அப்படி இல்லை. வியாபாரி தன் மென்பொருளிலேயே பில் போடுகிறார். அந்த மென்பொருள் விவரங்களை ஜேசான் என்ற வடிவில், குறிப்பிட்ட கட்டங்களில், பதிவுத் தளத்துக்கு அனுப்புகிறது. விற்பவரின் ஜி.எஸ்.டி. எண், ஆவண வகை, ஆவண எண், நிதியாண்டு ஆகியவற்றிலிருந்து 64 இலக்கம் கொண்ட ஐ.ஆர்.என். என்ற எண் கணக்கிடப்படுகிறது. அதே பில்லை இரண்டாம் முறை அனுப்பினால் அதே எண்தான் வரும், தளம் ஏற்காது. முதல் முறை என்றால் மின்னணுக் கையெழுத்துடனும் கியூ.ஆர். குறியீட்டுடனும் பில் திரும்பி வருகிறது. இந்தப் பதிவு கட்டாயமான வியாபாரி இது இல்லாமல் பில் கொடுத்தால், சட்டத்தின் கண்ணில் அது பில்லே அல்ல.

வடிவத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. 2004ல் வெளியான யூ.பி.எல். என்ற சர்வதேசத் தரத்தையும், ஐரோப்பிய அரசுக் கொள்முதலுக்காக உருவான பெப்போல் முறையையும் ஒட்டி, இந்திய வரித் தேவைகள் சேர்க்கப்பட்டன.

திணித்த விதத்திலும் சாமர்த்தியம் இருந்தது. பெரியவர்கள் முதலில். 2020 அக்டோபர் 1ல் ரூ. 500 கோடிக்கு மேல் விற்பனை உள்ள நிறுவனங்கள். மூன்று மாதத்தில் ரூ. 100 கோடி. 2021 ஏப்ரலில் ரூ. 50 கோடி. 2022ல் ரூ. 20 கோடி, பிறகு ரூ. 10 கோடி. 2023 ஆகஸ்ட் 1 முதல் ரூ. 5 கோடி. மென்பொருள் விற்பவர்கள் பெரிய வாடிக்கையாளர்களுக்காகச் செய்த மாற்றம், சிறியவர்களின் முறை வந்தபோது தயாராக இருந்தது. பில்லை உரிய முறையில் பதியாத சப்ளையரிடம் வாங்கினால் வரி வரவு சிக்கலாகும் என்ற பயம் வாங்குபவரையும் காவல்காரராக்கியது. பல நாடுகளில் கருத்தரங்குகளில் பேசித் தீராத விஷயத்தை இந்தியாவில் மூன்று வருடத்தில் வரி அதிகாரம் முடித்துவைத்தது.

குறைகள் இல்லாமல் இல்லை. அளவைகளுக்கு ஜி.எஸ்.டி. ஒரு குறியீட்டுப் பட்டியல் வைத்திருக்கிறது: கிலோ, டஜன், பை, எண்ணிக்கை, பெட்டி. பெட்டி என்று சொல்ல ஒரு குறியீடு உண்டு. ஆனால் உள்ளே எத்தனை என்று அந்தக் குறியீடு சொல்வதில்லை. வரித் துறைக்கு அது தேவையும் இல்லை. வரி கணக்கிட மதிப்பு தெரிந்தால் போதும். இ-இன்வாய்ஸின் பலமும் பலவீனமும் இதுதான். அது வரிக்காகப் பிறந்தது.

காணாமல்போன ஒரு சொல்

ஒரு விற்பனையில் பில் மட்டுமே ஆவணம் அல்ல. முன்னால் பர்ச்சேஸ் ஆர்டர் இருக்கிறது. பின்னால் சரக்கு வந்து சேர்ந்ததற்கான ரசீது, தரப் பரிசோதனை, ஏற்பு, கடைசியாகப் பணம். இவற்றில் நாடு முழுவதற்கும் கட்டாயமான பொது வடிவம் பெற்றது பில் மட்டும்தான். மற்றவை இன்றும் அந்தந்தக் கம்பெனியின் சொந்த பாஷையில்.

சிறு உற்பத்தியாளரின் வயிற்றில் அடிப்பது அதில் ஒரு சொல்: 'ஏற்றுக்கொண்டோம்'.

குறு, சிறு நிறுவனங்களுக்குப் பாதுகாப்பாக 2006ல் வந்த சட்டம், எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாந்தரக் கூட்டு வட்டி. கடுமையான சட்டம்தான். ஆனால் நாட்கள் எப்போதிலிருந்து எண்ணப்படுகின்றன? பில் தேதியிலிருந்து அல்ல. சரக்கு ஏற்கப்பட்ட தேதியிலிருந்து. சரக்கு வந்து 15 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் வந்துசேர்ந்த நாளே ஏற்பு நாள். ஆட்சேபம் வந்தால் அது தீர்க்கப்படும் நாள்.

இந்த இடத்தில்தான் பெட்டிக் கணக்கும் தேதிக் குழப்பமும் ரூபாயாக மாறுகின்றன. சரக்கு எப்போது வந்தது, யார் வாங்கிவைத்தார், ஆட்சேபம் உண்டா இல்லையா என்ற பதிவு வாங்குபவரின் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. விற்றவரின் கையில் இருப்பது கேட்டில் போட்ட முத்திரை மட்டும். 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்த வருமான வரித் திருத்தம், கெடு தாண்டிய பாக்கியைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்று இன்னொரு பூட்டுப் போட்டது. அதற்கும் சாவி ஏற்பு நாள்தான்.

கடன் சந்தையிலும் இதே முடிச்சு. பாக்கியுள்ள பில்களை ஏலம் விட்டு வங்கிகளிடம் முன்கூட்டியே பணம் பெற ரிசர்வ் வங்கி 2014ல் டிரெட்ஸ் என்ற முறைக்கு விதிகள் வகுத்தது. 2017ல் தளங்கள் செயல்படத் தொடங்கின. சிறு நிறுவனத்துக்கு இது அருமையான ஏற்பாடு. வாங்கிய பெரிய கம்பெனியின் நாணயத்தைப் பார்த்து வங்கி வட்டி சொல்கிறது. பின்னால் அந்தக் கம்பெனி கட்டாவிட்டாலும் விற்றவரைத் துரத்த முடியாது. நிபந்தனை ஒன்றே ஒன்று. பில்லை வாங்குபவர் முதலில் தளத்தில் ஏற்க வேண்டும். ஏற்காத பில்லுக்கு ஏலம் இல்லை. ரூ. 250 கோடிக்கு மேல் விற்பனை உள்ள கம்பெனிகள் இந்தத் தளங்களில் சேர்ந்தாக வேண்டும் என்று 2024 நவம்பரில் மத்திய அரசு உத்தரவிட்டது. சேர்வது கட்டாயமானது. ஆனால் பில்லை ஏற்க யார் கட்டாயப்படுத்துவது?

வேடிக்கை என்னவென்றால், வரிக்காக இந்தச் சொல்லும் வந்துவிட்டது. 2024 அக்டோபர் 14ல் ஜி.எஸ்.டி. தளத்தில் தொடங்கிய இன்வாய்ஸ் நிர்வாக முறையில், தன் பெயருக்கு வந்த பில்லை வாங்குபவர் ஏற்கலாம், மறுக்கலாம், நிலுவையில் வைக்கலாம். எதுவும் செய்யாவிட்டால் ஏற்றதாகவே கொள்ளப்படும். ஆனால் அது வரி வரவுக்கான ஏற்பு. சரக்கு சரியாக இருக்கிறது, பணம் தருகிறேன் என்ற பொருள் அதற்கு இல்லை. ஆக, ஒரே பில்லுக்கு மூன்று 'சரி' வேண்டியிருக்கிறது: கிடங்கில் ஒன்று, வரித் தளத்தில் ஒன்று, கடன் தளத்தில் ஒன்று. ஒன்று சொன்னது மற்றொன்றுக்குக் கேட்பதில்லை.

தொழில்நுட்பம் இல்லாத குறை அல்ல இது. எடிஃபேக்டில் சரக்கு பெற்றதைத் தெரிவிக்கவே ஒரு தனிச் செய்தி உண்டு. எக்ஸ்12ல் அதன் எண் 861. யூ.பி.எல். தரத்திலும் உண்டு. இந்தியாவிலேயே 2016ல் தொடங்கிய அரசுக் கொள்முதல் தளமான ஜெம்மில், சரக்கைப் பெற்ற அதிகாரி ஏற்புச் சான்றிதழை மின்னணு முறையில் தருகிறார். பணத்துக்கான கெடு அதிலிருந்து ஓடுகிறது. அரசு வாங்கும்போது முடிகிற காரியம் தனியார் வாங்கும்போது முடியாததற்குக் காரணம் லாப நஷ்டக் கணக்கில் இருக்கிறது. தாமதம் என்பது வாங்குபவருக்கு வட்டியில்லாக் கடன்.

பெரிய கம்பெனிகள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. லாரியிலிருந்து இறங்கிய எல்லாச் சரக்கும் தரமானது அல்ல. உலோக பாகம் ஒன்றைச் சோதிக்க நாட்கள் ஆகலாம். ஒரு பகுதியை ஏற்று ஒரு பகுதியைத் திருப்ப நேரலாம். அவசரத்தில் 'ஏற்றோம்' என்ற செய்தி போய்விட்டால் பிறகு வழக்கில் அதுவே சாட்சியாகும். ஆனால் இதற்கெல்லாம் பொது வடிவத்திலேயே இடம் ஒதுக்கலாம்: வந்தது எத்தனை, ஏற்றது எத்தனை, திருப்பியது எத்தனை, என்ன காரணத்துக்காக.

கோல் இல்லாத முயற்சி

கட்டாயம் இல்லாமல் ஒரு பொதுமொழி பரவுமா? அதற்கும் இந்தியாவில் ஒரு சோதனை நடந்துவருகிறது. மின்னணு வணிகத்துக்கான திறந்த வலையமைப்பான ஓ.என்.டி.சி., மத்திய வர்த்தக அமைச்சகத்தின் முயற்சியில் 2021 டிசம்பரில் லாப நோக்கமற்ற நிறுவனமாகப் பதிவானது. 2022 ஏப்ரலில் டெல்லி, பெங்களூர், போபால், ஷில்லாங், கோவை ஆகிய ஐந்து இடங்களில் வெள்ளோட்டம் தொடங்கியது.

இதன் அடியில் இருப்பது பெக்கன் என்ற திறந்த விதிமுறை. தேடு, தேர்ந்தெடு, உறுதி செய், நிலவரம் சொல், ரத்து செய் என்று ஒரு விற்பனையின் உரையாடல் முழுவதும் அதில் செய்திகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பதில் செய்தி. அனுப்புபவர் யார் என்று நிரூபிக்க மின்னணுக் கையெழுத்து. வாங்குபவர் ஒரு ஆப்பில், விற்பவர் வேறு ஆப்பில், சரக்கைக் கொண்டுபோவது மூன்றாவது நிறுவனத்தில் இருக்கலாம். இ-இன்வாய்ஸில் இல்லாத முழு உரையாடல் இங்கே இருக்கிறது.

இல்லாதது கோல். பெரிய தளங்கள் தங்கள் கடையைத் திறந்துவிட எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அமேசான் 2023 பிப்ரவரியில் தன் சரக்குப் போக்குவரத்து உள்ளிட்ட சேவைகளை இணைக்க முன்வந்தது. தன் பிரதானச் சந்தையை அல்ல. 2023ல் ஊக்கத்தொகை தந்த மலிவு விலையால் உணவு ஆர்டர்கள் குவிந்தன. தள்ளுபடி சுருங்கியதும் உற்சாகமும் சுருங்கியது. பொருள் கெட்டிருந்தால் மூன்று நிறுவனங்களில் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு, புகார்களைக் கையாளவும் தனியாக ஒரு விதிமுறை எழுத வேண்டியிருந்தது. அதே பெக்கனைக் கொண்டு 2022ல் பெங்களூரில் தொடங்கிய நம்ம யாத்ரி ஆட்டோ சேவை வேரூன்றியதற்குக் காரணம் எளிது. கமிஷன் இல்லை என்பதால் ஓட்டுநருக்கு முதல் நாளே லாபம் தெரிந்தது.

2016ல் வந்த யு.பி.ஐ.யோடு இதை ஒப்பிடுபவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். அங்கே வங்கிகள் சேர்ந்து உருவாக்கிய தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் இருந்தது. மேலே ரிசர்வ் வங்கி இருந்தது. அனுப்பப்படும் பொருளும் ஒன்றே ஒன்று: ரூபாய். ரூபாய்க்கு அளவும் தரமும் மாறாது. போல்ட் பெட்டிக்கு மாறும்.

மூன்று அனுபவங்களும் சேர்ந்து சொல்வது தெளிவு. பொதுத் தரம் ஒன்று நிலைக்க நல்ல வடிவமைப்பு போதாது. பிடி வைத்திருப்பவருக்கு அதனால் ஆதாயம் வேண்டும், அல்லது மறுத்தால் நஷ்டம் வேண்டும். வரித் துறைக்குப் பில் தேவைப்பட்டது, பில் வந்தது. சிறு உற்பத்தியாளருக்கு ஏற்புச் செய்தி தேவைப்படுகிறது. அவரிடம் பிடி இல்லை.

அடித்தளமோ தயாராக இருக்கிறது. பதிவான ஒவ்வொரு இ-இன்வாய்ஸுக்கும் நாட்டில் வேறெந்தப் பில்லுக்கும் இல்லாத ஐ.ஆர்.என். உண்டு. அந்த எண்ணோடு வந்த தேதி, ஏற்ற அளவு, திருப்பிய அளவு, பணம் தரும் தேதி என்ற நான்கு விவரங்களை வாங்குபவர் தெரிவிக்க ஒரு பொது வடிவம் போதும். டிரெட்ஸ் தளம் அதையே ஏற்பாக எடுத்துக்கொள்ளலாம். வழக்கு வந்தால் அதுவே சாட்சி. பெரியவர்களில் தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறக்கும் வித்தையும் புதிதல்ல. 2020 முதல் 2023 வரை அரசு அதைச் செய்து காட்டியிருக்கிறது.

இன்று ஒரு சிறு பட்டறை பில்லைப் பதிய உட்கார்ந்தால் சில நொடிகளில் அரசுக்குத் தகவல் போய்விடுகிறது. அந்தப் பில்லுக்கான சரக்கு ஏற்கப்பட்டதா என்று தெரிந்துகொள்ள அதே பட்டறை இன்னும் போனைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.